மேலக்காவின் வெள்ளை அணுக்கள்

ஹெச்.ஆர். அதிகாரி அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. மேஜை மேல் வைத்து, விரல் நுனியால் அவள் பக்கமாகத் தள்ளினார். அதிலேயே மேலக்காவுக்குச் சுருக்கென்றது.

கம்பெனியில் வருஷா வருஷம் எல்லாருக்கும் ரத்தம் எடுப்பார்கள். ஒரு வாரம் கழித்துக் காகிதம் வரும். அதை மடித்து டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். படித்துப் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. வெள்ளை அணுக்கள் பதினெட்டாயிரத்து அறுநூறு. நாலாயிரத்திலிருந்து பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம் சார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. டாக்டர் சொல்வார். அதுவரைக்கும் நீங்க மேல ஏற வேண்டாம். கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதுங்க."

"எனக்கு ஒண்ணும் செய்யலையே. நேத்துக்கூட நாப்பது சுருள் எறக்கியிருக்கேன்."

"ரூல்ஸும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலக்கா என்பது கிடங்கில் வைத்த பெயர். இரும்புத் தகட்டுச் சுருள்கள் வந்து இறங்கும் பெரிய கிடங்கு அது. கூரைக்கு அடியில் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரும்புப் பாதை ஓடும், அதன் மேல் கிரேன் நகரும். கிரேனில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் பத்து டன் வரும் சுருள்களைத் தூக்கி வைப்பவள் அவள்தான். அவள் அங்கே வந்து சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். அப்போது கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஆளிடம், சாப்பாட்டு வேளையில் ஒரு வருஷம் நச்சரித்துக் கற்றுக்கொண்டாள். "பொம்பளைக்கு உயரத்துல தலை சுத்தும்" என்று சிரித்தவர்கள் எல்லாம், அவள் பத்து டன் சுருளைப் பூனைக்குட்டியை இறக்கி விடுவதுபோல லாரியில் வைப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கிரேனில் பதினோரு வருஷம். மூக்கு நுனியில் கோபம், கையில் நிதானம். அவளைப் பற்றிக் கிடங்கில் அப்படித்தான் சொல்வார்கள்.

கம்பெனி டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். வரிசையில் நின்று உள்ளே போனாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"எங்கயோ கிருமி தொத்தியிருக்கு. அஞ்சு நாள் மாத்திரை சாப்பிடுங்க. மறுபடி ரத்தம் எடுக்கலாம்."

"எனக்குக் காய்ச்சல் இல்ல, சளி இல்ல, ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"அஞ்சு நாள்" என்றார் அவர். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்.

ஐந்து நாள் சாப்பிட்டாள். வயிறு புரட்டியதுதான் மிச்சம். மறுபடி எடுத்த ரத்தத்தில் எண் பத்தொன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்தத் தடவை டாக்டர், "வீட்டுலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் வேலையை அரை நாள் விட்டுவிட்டு அவள் கணவர் வந்தார். டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் பேசினார். கதவு தகரக் கதவு. உள்ளே பேசியது அவள் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

"ரத்தப் புற்றா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அவங்ககிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க, பயந்துடுவாங்க."

மேலக்கா எழுந்து கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ரத்தம் என்னோடது டாக்டர். பயப்படறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் அப்போதுதான் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சீட்டை எழுதி அவள் கணவர் கையில் கொடுத்தார்.

சேதி வீட்டுக்கு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் தங்கை போனில் அழுதாள். செல்போனில் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். "அக்கா, பல்லு ஈறுல ரத்தம் வருதா? உடம்புல நீலமா திட்டுத் திட்டா இருக்கா? ராத்திரில வேர்க்குதா?" என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, மேலக்காவுக்கு எல்லாம் இருப்பது மாதிரியும் எதுவும் இல்லாத மாதிரியும் தோன்றியது. "நீ முதல்ல போனை வை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தாள். தன்னை இப்படிப் பார்க்க வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, அவள் தோளில் கை வைத்து, "தைரியமா இருங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டதைத் தவிர ஒரு வார்த்தை நல்லதாகப் பேசியிராதவள். அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது மேலக்காவுக்கு.

கணவரின் அண்ணனும் வந்தார். அவள் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவாள். நாலு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் அவரிடம்தான் போவார்கள். அவரும் இருபது வருஷமாக முகம் சுளிக்காமல் பார்த்துக் கொடுப்பார். காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நான் அன்னைக்கே நெனைச்சேன். மூஞ்சி வேற கொஞ்சம் ஊதின மாதிரி இருந்துச்சு. எதுக்கும் மனசத் திடமா வச்சுக்கோம்மா."

போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "முட்டி மாத்திரை தீந்திருக்கும். அத விட்டுடாத."

கூண்டுக்கு ஏற நாற்பத்து மூன்று படி இரும்பு ஏணி. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் எந்த முட்டிதான் தாங்கும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஏணியின் பாதியில் கால் மடங்காமல் நின்றுவிட்டாள். அப்போது பெரியத்தான் கொடுக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பொட்டலம். ஒரு மஞ்சள் மாத்திரை, இரண்டு குட்டி வெள்ளை மாத்திரை. சாப்பிட்ட மூன்றாம் நாளே ஏணியில் ஓடி ஏறினாள். கையெடுத்துக் கும்பிடாத குறைதான். கிடங்கில் வலி என்று முனகினவர்களுக்கெல்லாம் அவளே வாங்கி வந்து கொடுத்தாள். வெல்டிங் போடுகிறவர், சுருளுக்குக் கொக்கி மாட்டும் இரண்டு பேர், வாசலில் நிற்கும் காவலாளி என்று நாலு பேர் அவள் தயவில் அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுவது அவளுக்குச் சிறையாக இருந்தது. உள்ளே வேறொருத்தன் கிரேன் ஓட்டினான். சங்கிலி இழுபடும் சத்தத்திலேயே அவன் எங்கே அவசரப்படுகிறான், எங்கே தடுமாறுகிறான் என்று தெரிந்தது. ஒரு நாள் சுருள் ஒன்று தூணில் இடித்து முழுக் கிடங்கும் அதிர்ந்தது. அவள் பேனாவை மேஜை மேல் குத்தி முனையை உடைத்தாள். வருகிற போகிறவர்கள் எல்லாம் அவளிடம் மெல்லப் பேசினார்கள். நேற்றுவரை அவளிடம் திட்டு வாங்கியவர்கள், இன்று ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற குரலில், "சாப்பிட்டீங்களாக்கா?" என்றார்கள். கோபப்பட்டால்கூட யாரும் திருப்பிச் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த நோய்ப் பிரிவு மூன்றாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கணவர் கையைப் பிடிக்க வந்தார். "நாப்பத்து மூணு படி ஏறுறவ நான்" என்று கையை உதறிவிட்டு ஏறினாள். பெஞ்சில் மூன்று மணி நேரம். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு பெண் டாக்டரின் அறைக்குள் விட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், பேச்சில் வெட்டு. மேலக்கா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குப் புத்துநோயா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இவர்கிட்ட இல்ல."

டாக்டர் கணவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்றேன். அதுக்கு முன்னால நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. காய்ச்சல் வந்துச்சா? எடை குறைஞ்சுதா?"

"இல்ல. ஏறியிருக்கு."

"பல் வலி, புண்ணு, சிறுநீர் எரிச்சல்? பீடி, சிகரெட்? சமீபத்துல அடிபட்டுச்சா, ஆபரேஷன் ஏதாவது?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

டாக்டர் அவள் கழுத்திலும் அக்குளிலும் தொட்டுப் பார்த்தார். படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார். புறங்கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அங்கே பழைய காயத் தழும்புகள் நாலைந்து இருந்தன. கன்னத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடி கேக்கறேன். வலிக்கு? தூக்கத்துக்கு? சத்துக்குன்னு ஏதாவது?"

"அதான் இல்லைன்னேனே."

"முட்டிக்கு?"

மேலக்காவின் கை பைக்குப் போனது. முட்டி மாத்திரையை அவள் மருந்துக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. டீ குடிப்பது மாதிரி அது. பையைத் துழாவிப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். டாக்டர் அதைப் பிரித்தார். குட்டி வெள்ளை மாத்திரை ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். மூக்கு விடைத்தது அவருக்கு.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"தினமும் ரெண்டா? யார் குடுத்தது?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு" என்றார் டாக்டர். "நல்ல மருந்துதான். வேண்டிய ஆளுக்கு, வேண்டிய அளவு, வேண்டிய நாள் வரைக்கும். இப்படிப் பொட்டலம் கட்டிக் குடுக்கற சாமான் இல்ல. உங்க வெள்ளை அணு ஏறினதுக்குப் பெரும்பாலும் இதான் காரணம்."

"மாத்திரை சாப்பிட்டா ரத்த அணு ஏறுமா?"

டாக்டர் ஒரு தாளை எடுத்துக் குழாய் மாதிரி ஒரு படம் போட்டார். குழாயின் உள்சுவர் ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"வெள்ளை அணுவெல்லாம் எப்பவும் ரத்தத்துல ஓடிட்டே இருக்காது. பாதிக்கு மேல ரத்தக் குழாய்ச் சுவர்ல ஒட்டிட்டு சும்மா உக்காந்திருக்கும். இந்த மாத்திரை அதையெல்லாம் சுவரை விட்டுப் பிரிச்சு ஓட்டத்துல தள்ளி விட்டுடும். எலும்புக்குள்ள இருக்கறதையும் சீக்கிரம் வெளிய அனுப்பும். எண்ணுற மிஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஓடுறதையெல்லாம் எண்ணிக் கூட்டி நட்சத்திரம் போட்டுடும். எண் ஏறினா நோய்னு அர்த்தம் இல்லம்மா. ஏதோ ஒண்ணு ஏத்துதுன்னு அர்த்தம். அது கிருமியா இருக்கலாம், புகையா இருக்கலாம், மருந்தா இருக்கலாம். ரத்தப் புற்றும் அதுல ஒண்ணு. எதுன்னு தேடறதுதான் எங்க வேலை."

"அப்ப புத்து இல்லையா?"

"இன்னைக்கு எடுத்த ரத்தத்த நானே மைக்ராஸ்கோப்ல பாத்தேன். எல்லாம் முதிர்ந்த அணு. வெளிய வரக் கூடாத குஞ்சு அணு ஒண்ணுகூட இல்ல. சிவப்பணு சரியா இருக்கு, தட்டணுவும் சரியா இருக்கு. ஆனா இப்பவே முழுசா இல்லைன்னு எழுதித் தர மாட்டேன். மாத்திரையக் குறைச்சு நிறுத்தின பிறகு எண் தானா எறங்கணும். எறங்கலைன்னா மேல பாப்போம்."

"இப்பவே தூக்கிக் குப்பையில போட்டுடறேன்."

"அதத்தான் செய்யக் கூடாது" என்று டாக்டர் மேஜையைத் தட்டினார். "உடம்பு தானா சுரக்க வேண்டியத இத்தனை நாளா இந்த மாத்திரை குடுத்துட்டு இருந்திருக்கு. திடீர்னு விட்டா மயங்கி விழுவீங்க, உயிருக்கே ஆபத்தாகும். நான் எழுதித் தர்ற மாதிரி வாராவாரம் கொஞ்சமா குறைக்கணும். உங்க கன்னம் ஊதினது, கையில தோல் மெலிஞ்சது, எடை ஏறினது எல்லாம் இதாலதான். சர்க்கரையும் எல்லைல நிக்குது. வேற யாராவது இதச் சாப்பிடறாங்களா?"

அந்தக் கேள்வி வரும்வரை மேலக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது நாலு பேரின் முகங்களும் வரிசையாக வந்து நின்றன. வெல்டிங் போடுகிறவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. காலில் தீப்பொறி பட்ட புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று போன வாரம்தான் காட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மருந்துக் கடைக்குப் போனாள். வழியெல்லாம் கணவர், "வீட்டுல வச்சுப் பேசிக்கலாம், கடையில வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் காதில் வாங்கவில்லை. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பொட்டலத்தைப் பலகை மேல் வைத்தாள்.

"இது என்ன மாத்திரை பெரியத்தான்?"

"என்னம்மா, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"இது என்னன்னு கேட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வலிக்குத்தான்மா. உள்ள வா, பேசுவோம்."

"ஸ்டீராய்டுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியத்தானின் முகம் மாறியது. "தெரியாமயா கடை நடத்துறேன்? நீ வலிக்குதுன்னு அழுதே. நான் குடுத்தேன். நல்லாத்தானே இருந்தே? ஒன்றரை வருஷம் ஓடியாடி வேலை செஞ்சியே, அது யாரால?"

"அப்ப தெரிஞ்சுதான் குடுத்தீங்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் ரத்தக் காகிதத்தக் கையில வச்சுப் படிச்சீங்க. என் மூஞ்சி ஊதியிருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இந்த மாத்திரையால இருக்குமோன்னு ஒரு வார்த்தை வாயில வரல. மனசத் திடமா வச்சுக்கோன்னு சொல்லிட்டு, அடுத்த பொட்டலத்தையும் வச்சுட்டுப் போனீங்க. மூணு வாரம் நான் செத்துப் போற கணக்குப் போட்டுட்டு இருந்தேன் பெரியத்தான். என் தங்கச்சி ஸ்கூல்ல பாடம் நடத்த முடியாம லீவு போட்டுட்டு அழுதா."

"எனக்கு அவ்வளவு தூரம் தோணலம்மா" என்றார் அவர். அது உண்மையாகவும் இருக்கலாம். அவளுக்கு அது இன்னும் எரிச்சலைத்தான் கூட்டியது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் கிடங்கில் நாலு பேரையும் கேட்டுக்குக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "நான்தான் உங்களுக்குக் கொண்டு வந்து குடுத்தேன். உடனே விடாதீங்க, அதுவும் தப்பு. இன்னைக்கே நாலு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. லீவு தர மாட்டேன்னா நான் பேசிக்கறேன்." கொக்கி மாட்டுகிற ஒருவன் மட்டும், "போங்கக்கா, எனக்கு அது இல்லாம ஓடாது" என்று சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். வெல்டருக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பது. அன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் அவர் இடது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சேதி வந்த அன்று அவள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். கணவர் எதிரில் வந்து நின்றார்.

"என் அண்ணன்டி."

"தெரியும்."

"படிக்க வச்சவர். அப்பா போனதுக்கு அப்புறம் அவர்தான் எல்லாம்."

"அதனாலதான் நான் கேள்வி கேக்காம முழுங்கினேன். வேற கடைக்காரர் குடுத்திருந்தா என்ன மாத்திரைன்னாவது கேட்டிருப்பேன்." பேனாவைக் கீழே வைக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வெல்டர் காலைப் பாத்துட்டு வாங்க. வந்து வேண்டாம்னு சொல்லுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்."

அவர் சாயங்காலம் வார்டுக்குப் போய்விட்டு வந்தார். சாப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கடையில் சோதனை நடந்தது. மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். பெரியத்தான் குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர், "உசிரக் காப்பாத்தப் பாத்த மனுஷன் மேல பிராது குடுத்தவ" என்றார்கள். காதில் விழுகிற தூரத்தில் சொன்னவர்களுக்கு அவளும் காதில் விழுகிற மாதிரியே பதில் சொன்னாள்.

மாத்திரையைக் குறைக்கக் குறைக்க வலி திரும்பி வந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. காலையில் கட்டிலை விட்டு எழ கால் மணி நேரம் ஆனது. முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், கட்டிக்கொள்ளப் பட்டை கொடுத்தார்கள். நாலாவது மாதம் ரத்தம் எடுத்தபோது வெள்ளை அணு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். பெண் டாக்டர் காகிதத்தை அவள் கையில் கொடுத்து, "இப்ப எழுதித் தரேன்" என்று எழுதிக் கொடுத்தார். மேலக்கா அழவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, தங்கைக்குப் போன் போட்டு, எண்ணை மட்டும் சொன்னாள்.

வெல்டரைப் பார்க்க வாரம் ஒரு தடவை போகிறாள். "நீங்க என்ன வேணும்னா குடுத்தீங்க? விடுங்கக்கா" என்பார் அவர். விட முடியவில்லை அவளால். அவர் மனைவி அவளிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் தப்பில்லை என்றுதான் மேலக்காவும் நினைக்கிறாள்.

மேலே ஏறுவதற்குக் கம்பெனி டாக்டரின் கையெழுத்து வேண்டும். அவர் பெரிய ஆஸ்பத்திரிக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"டாக்டர், நான் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேளுங்க."

"அதான் எல்லாம் சரியாப் போச்சேம்மா."

"முதல் நாளே இதக் கேட்டிருந்தீங்கன்னா மூணு வாரம் நான் சாகாம இருந்திருப்பேன். வெல்டர் கால்ல அஞ்சு விரல் இருந்திருக்கும். கேளுங்க."

வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார் கடைசியில்.

"காலையில முட்டிக்கு ஒண்ணு, வலி ரொம்பன்னா மட்டும். அந்த டாக்டர் எழுதிக் குடுத்தது. பேர் இந்தச் சீட்டுல இருக்கு. எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். அவள் காகிதத்தை வாங்கினாள். கதவைத் திறந்து அடுத்து நின்ற ஆளை உள்ளே போகச் சொன்னாள். ஆனால் நகரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள், அந்த ஆளிடமும் அதே கேள்வியை டாக்டர் கேட்கும் வரைக்கும்.

பிறகு கிடங்குக்குள் போய், முட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டு, ஏணியில் ஏறினாள். இருபதாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். கீழேயிருந்து யாரோ, "மெதுவாக்கா" என்றார்கள்.

"எனக்குத் தெரியும், உன் வேலையப் பாரு" என்றாள். கீழே நின்றவன் சிரித்துக்கொண்டே, "நீங்க மேல போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு வேலையே இல்ல, சுருளெல்லாம் காத்துக் கெடக்கு" என்று திருப்பிக் கொடுத்தான். நாலு மாதத்தில் அவளிடம் ஒருத்தன் வாய்க்கு வாய் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் மீதி இருபத்து மூன்று படியையும் ஏறிக் கூண்டுக் கதவைத் திறந்தாள்.